மாவட்டக் கூட்டத்தில் பேசியது எங்கே போய்ச் சேர்கிறது?

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத் தென்கரையில், கடலைவிட்டு உள்ளே தள்ளி, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே குடியிருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "வார்டு கமிட்டி, ஐடிபி (முனிசிபாலிட்டியின் ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டம்) கூட்டம், மாவட்டக் கூட்டம் என்று வருஷா வருஷம் கூப்பிடுகிறார்கள். போய்ப் பேசிவிட்டு வருகிறோம். குழாயில் தண்ணீர் வருவதில்லை. இந்தக் கூட்டங்கள் எங்களைப் போன்ற நாட்டுப்புறத்து ஜனங்களுக்காகப் பேசுகின்றனவா, இல்லை கணக்குக்காக நடக்கின்றனவா? இங்கே நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள்தான் இருக்கிறோம். கோயில் சங்கத்தின் பெயரில் தனியாக மனு கொடுத்தால் நல்லதா?"

வடகரைப் பக்கம் இப்படிப்பட்ட கூட்டங்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இந்தக் கூட்டங்களால் பயன் உண்டு. ஆனால் நீங்கள் கேட்பது, அந்த வேலைக்குப் பொறுப்பான அலுவலகத்தின் திட்டப் புத்தகத்தில், பணத்தோடு சேர்ந்த ஒரு வரியாக ஏற வேண்டும். அது ஏறாதவரைக்கும் கூட்டத்தில் எத்தனை பேர் பேசினாலும், எவ்வளவு நன்றாகப் பேசினாலும், ஊருக்கு யாரும் பிரதிநிதியாக இருந்ததாக நான் எடுத்துக்கொள்வதில்லை. அந்த வரி எங்கே எழுதப்படுகிறது, எப்போது எழுதப்படுகிறது என்பது நம் ஜனங்களுக்குச் சரியாகச் சொல்லப்படவே இல்லை. அதனால்தான் தப்பான இடத்தில், தப்பான மாதத்தில் போய்த் தொண்டை வற்றப் பேசிவிட்டுத் திரும்புகிறோம்.

முதலில் வார்டு கமிட்டியைப் பார்ப்போம். 1998இல் வந்த முனிசிபல் அமைப்புச் சட்டப்படி வார்டு கவுன்சிலர்தான் அதன் தலைவர். அவரோடு அதிகபட்சம் பத்துப் பேர். பெண்களுக்குச் சரியான இடம் வேண்டும், வார்டிலுள்ள பலதரப்பட்டவர்களும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கமிட்டிக்கு உள்ள அதிகாரம் பரிந்துரை செய்வது. பொதுவாக அதற்கு மேல் எதுவும் கிடையாது. டவுனில் ஒரு வார்டு என்றால் சில தெருக்கள், நடந்தே சுற்றிவிடலாம். நாட்டுப்புறத்தில் ஒரே வார்டில் மலைக்கு இந்தப் பக்கம் பண்ணைக் குடியிருப்பு, அந்தப் பக்கம் இன்கோசி என்ற பாரம்பரியத் தலைவரின் நிலம், நடுவில் தோட்டத் தொழிலாளர்களின் பழைய பாரக்ஸ் வரிசை வீடுகள், ஓடைக்கு அப்பால் இன்னொரு குடியிருப்பு என்று சிதறிக் கிடக்கும். பத்து நாற்காலிக்குள் அத்தனை இடத்துக்காரர்களும் அடங்குவதில்லை. வண்டி வைத்திருப்பவர், தார்ரோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர், கவுன்சிலரின் கட்சிக்கு வேண்டியவர் என்று பெயர்கள் சேர்ந்துவிடும். தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பெண்மணிக்கு அந்த நேரத்தில் கூட்டத்துக்கு வர முடியாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் உங்கள் வார்டு கவுன்சிலர் உட்கார்ந்திருக்கும் சபையின் கையிலேயே இல்லை. நம் மாகாணத்தில் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் பொறுப்பான அமைப்புகள் மொத்தம் 14. பத்து மாவட்ட முனிசிபாலிட்டிகள், எதெக்வினி என்ற டர்பன் பெருநகரம், அப்புறம் உம்ஹ்லதூசே, உம்சுண்டுசி, நியூகாசில் என்ற மூன்று உள்ளூர் முனிசிபாலிட்டிகள். தென்கரைக்கு உகு மாவட்டம், வடகரையில் ஸ்டேங்கர் பக்கத்துக்கு இலெம்பே மாவட்டம். ஆகவே உங்கள் உள்ளூர் முனிசிபாலிட்டி குப்பை எடுக்கும், உள்ளூர் ரோடு போடும், ஹாலைப் பராமரிக்கும். குழாயைத் தொட அதற்கு அதிகாரம் கிடையாது. வார்டு கமிட்டியில் தண்ணீரைப் பற்றி மணிக்கணக்கில் பேசினால், அந்தப் பேச்சு மாவட்டத்துக்கு ஒரு கடிதமாகப் போக வேண்டும். போனதா என்று யாரும் கேட்பதில்லை.

மாவட்ட சபையில் நமக்கு ஆள் எப்படி வருகிறார் என்பதும் பலருக்குத் தெரியாது. மாவட்ட கவுன்சிலர்களில் 40 சதவீதம் பேர் நேரடியாகக் கட்சிப் பட்டியல் மூலம் வருகிறார்கள். மீதி 60 சதவீதத்தை உள்ளூர் முனிசிபாலிட்டிகள் தங்கள் கவுன்சிலர்களிலிருந்து அனுப்புகின்றன. 2021 நவம்பர் 1ஆம் தேதி ஓட்டுப் போடப் போனபோது டர்பன்காரர்களுக்கு இரண்டு சீட்டு கொடுத்திருப்பார்கள், உங்களுக்கு மூன்று. அந்த மூன்றாவது சீட்டுதான் மாவட்டத்துக்கு. தண்ணீரைத் தீர்மானிக்கிற ஓட்டு அது. அதைப் பற்றி ஒரு பிரசாரக் கூட்டத்திலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. உங்கள் வார்டு கவுன்சிலர் மாவட்ட சபையில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உங்கள் முனிசிபாலிட்டியிலிருந்து மாவட்டத்துக்குப் போயிருப்பவர்கள் யார் யார் என்று உள்ளூர் அலுவலகத்தில் கேட்டு அந்தப் பெயர்களை வாங்குங்கள். அதுதான் முதல் வேலை.

அடுத்தது காலம். ஐடிபி என்பது ஐந்தாண்டுக்கான ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம். 2000ஆம் ஆண்டின் முனிசிபல் நிர்வாகச் சட்டப்படி ஒவ்வொரு முனிசிபாலிட்டியும் அதைப் போட்டு, வருஷா வருஷம் திருத்த வேண்டும். 2001இல் வந்த விதிகளின்படி, ஜனங்கள் கலந்துகொள்ளப் பொதுவான ஏற்பாடு வேறெதுவும் இல்லாவிட்டால், அதற்கென ஒரு மன்றத்தை முனிசிபாலிட்டியே அமைக்க வேண்டும். நீங்கள் போய்வரும் ஐடிபி பிரதிநிதிகள் மன்றம் இப்படி வந்ததுதான்.

முனிசிபாலிட்டியின் நிதியாண்டு ஜூலை 1ஆம் தேதி தொடங்குகிறது. 2003இன் முனிசிபல் நிதிச் சட்டம் அதற்கு முன்னால் நடக்க வேண்டியதையெல்லாம் வரிசையாக வைத்திருக்கிறது. முந்தின ஆகஸ்ட் முடிவுக்குள், எந்த மாதம் எந்தக் கூட்டம் என்ற கால அட்டவணையை மேயர் சபையில் வைக்க வேண்டும். மார்ச் 31க்குள் வரைவு பட்ஜெட் வர வேண்டும். அதைப் பொதுமக்கள் பார்க்க வெளியிட்டு, கருத்துக் கேட்டு, வந்த கருத்துகளைச் சபை பரிசீலித்து, மே முடிவுக்குள் நிறைவேற்றுவதற்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் 28 நாளுக்குள், எந்த வேலை எந்தக் காலாண்டில் நடக்கும் என்ற செயல் திட்டத்துக்கு மேயர் ஒப்புதல் தர வேண்டும்.

பெரிய பந்தல் போட்டு, மைக் வைத்து, சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து நடக்கும் கூட்டம் வழக்கமாக ஏப்ரலில் வருகிறது. அதற்குள் வரைவு எழுதி முடிந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் எழுந்து புதிதாக ஒரு குழாய் கேட்டால், மிக நல்ல அதிகாரியாக இருந்தாலும் அடுத்த வருஷத்துக் குறிப்பில் எழுதிக்கொள்ளத்தான் முடியும். புதிதாகக் கேட்க வேண்டியதை செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள், ஊர் ஊராகத் தேவைகளைத் திரட்டும் சமயத்தில் கேட்டுவிட வேண்டும். அப்போது பந்தல் கிடையாது, ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கொஞ்சம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அங்கேதான் நம் ஜனங்கள் இருக்க வேண்டும். ஏப்ரல் கூட்டம் சரிபார்ப்பதற்கு. "போன அக்டோபரில் நாங்கள் எழுதிக் கொடுத்தது வரைவில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்ற ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், போதும்.

வரைவுப் புத்தகம் தடிமனாக இருக்கும், பயப்பட வேண்டாம். பின்பக்கத்தில் திட்டங்களின் அட்டவணை இருக்கும். வேலையின் பெயர், வார்டு எண், பணம் எங்கிருந்து வருகிறது, அடுத்து மூன்று ஆண்டுகளுக்கு மூன்று கட்டம். உங்கள் வார்டு எண்ணைத் தேடுங்கள். பெயர் இருந்து, மூன்று கட்டமும் காலியாக இருந்தால் அல்லது நிதி இல்லை என்று குறித்திருந்தால், உங்கள் கோரிக்கையைக் கேட்டுக்கொண்டார்கள், செய்ய முடிவு எடுக்கவில்லை என்று பொருள். மூன்றாம் ஆண்டுக் கட்டத்தில் மட்டும் தொகை இருந்தால், அடுத்த வருஷம் அது இரண்டாம் கட்டத்துக்கு நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். நகராமல் வருஷா வருஷம் மூன்றாம் கட்டத்திலேயே நிற்கும் வேலைகள் உண்டு. பணம் எங்கிருந்து வருகிறது என்ற கட்டத்தையும் விடாதீர்கள். நாட்டுப்புற முனிசிபாலிட்டிகளுக்குச் சொந்த வருமானம் குறைவு. மத்திய அரசு தரும் சமபங்கு நிதியும் உள்கட்டமைப்பு மானியமும்தான் பெரும்பாலும் கைகொடுக்கின்றன. எந்த மானியம் என்று தெரிந்தால், அந்தப் பணம் வந்து சேர்ந்ததா, செலவானதா, திருப்பி அனுப்பப்பட்டதா என்று காலாண்டு அறிக்கையில் தேட முடியும்.

நான் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். திரையில் ஒரு வரைபடம் போட்டு, ஒரு குடியிருப்பைத் தண்ணீர் வசதி உள்ள பகுதி என்று பச்சையில் காட்டினார்கள். அங்கே குழாய் இருந்தது உண்மை. பின்வரிசையிலிருந்து வயதான ஒரு சூலு அம்மா எழுந்தார். கையில் பள்ளிக்கூட நோட்டு. குழாய் வறண்ட நாள், டேங்கர் வந்த நாள், வராத நாள், வந்தால் எத்தனை வாளி கிடைத்தது என்று பேனாவால் கோடு போட்டு எழுதி வைத்திருந்தார். பேத்தியை விட்டு அதை ஒவ்வொரு நாளாகப் படிக்கச் சொன்னார். ஹாலில் ஒரு சத்தம் இல்லை. அதிகாரிகளும் அக்கறையாகத்தான் கேட்டார்கள். அடுத்த கூட்டத்தில் வந்த நடவடிக்கைக் குறிப்பில் "தண்ணீர்ப் பிரச்சினைகள் விவாதிக்கப்பட்டன" என்று ஒரே வரி. ஊர் பெயர் இல்லை, தேதி இல்லை, நோட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. இன்றைக்கும் எனக்கு ஆறாத கோபம் அது. அதற்கப்புறம் நாங்கள் சிலர், முந்தின கூட்டத்துக் குறிப்பை ஏற்பதற்கு முன் கையைத் தூக்கி, இடம், வீடுகளின் எண்ணிக்கை, பதில் சொல்ல வேண்டிய அதிகாரியின் பதவி ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதச் சொல்லி நிற்பதை வழக்கமாக வைத்துக்கொண்டோம். குறிப்பில் ஏறியதைத்தான் பின்னால் காட்டிக் கேட்க முடியும்.

அந்த அம்மாவின் நோட்டு சட்டப்படியே பலமானது. 1997இன் தண்ணீர்ச் சேவைச் சட்டத்தின் கீழ் 2001இல் வந்த விதிகள் குறைந்தபட்ச அளவைச் சொல்கின்றன. ஒரு ஆளுக்கு நாளுக்கு 25 லிட்டர், அல்லது ஒரு வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர். குழாய் வீட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்க வேண்டும். நிமிஷத்துக்கு 10 லிட்டராவது வர வேண்டும். ஒரு வருஷத்தில் முழுதாக ஏழு நாளுக்கு மேல் யாரும் தண்ணீர் இல்லாமல் இருக்கக் கூடாது. இந்த ஏழு நாளை மனதில் வையுங்கள். "தண்ணீர் வருவதில்லை" என்பது புகார். "மார்ச்சில் இந்தந்தத் தேதி, ஏப்ரலில் இந்தந்தத் தேதி, ஏழு நாளைத் தாண்டிவிட்டது" என்பது விதிமீறலுக்கு ஆதாரம். ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒருவர் நோட்டு வைத்திருந்தால், மாவட்டக் கூட்டத்தில் யார் பேசினாலும் அவர் கையில் சரக்கு இருக்கும். மனித உரிமை ஆணையம் 2022 ஆகஸ்டில் நம் மாகாணத்தின் தண்ணீர் நிலைமையைப் பற்றிப் பொது விசாரணை நடத்தியதே, அப்படிப்பட்ட இடங்களிலும் தேதியோடு பேசுபவரின் சொல்லுக்குத்தான் எடை.

கரும்புத் தோட்டத்துக்குள் குடியிருப்பவர்களின் கதை இன்னும் கஷ்டம். நிலம் தனியாருடையது. அதைக் காட்டி முனிசிபாலிட்டி கையை விரிக்கும். தோட்ட முதலாளி, தண்ணீர் கொடுப்பது அரசாங்க வேலை என்பார். வரி கட்டுவது தோட்ட முதலாளி என்பதால் குடியிருப்பவர் பெயரில் கணக்கு இருக்காது. புகார் சொல்ல போன் செய்தால் கணக்கு எண்ணைக் கேட்கிறார்கள். அதோடு பேச்சு நின்றுவிடுகிறது. கூட்ட அழைப்பும் கணக்கு உள்ளவர்களுக்கும் வரி கட்டுவோர் சங்கங்களுக்கும்தான் முதலில் போகிறது. நாட்டுப்புறத்துக்கான கூட்டத்திலேயே மிக ஏழைகளின் குரல் கேட்காமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பண்ணைக் குடியிருப்பு உரிமைக்கான 1997இன் சட்டம், குடியிருப்பவருக்குத் தண்ணீரை மறுக்கவோ நிறுத்தவோ கூடாது என்கிறது. 2019இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. நூறு வயது தாண்டிய ஒரு சூலு முதியவரும், நாட்டுப்புற நில உரிமைக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பும் சேர்ந்து போட்ட வழக்கு அது. பண்ணைகளில் குடியிருப்பவர்களுக்குத் தண்ணீரும் கழிப்பிடமும் குப்பை அகற்றும் வசதியும் தராமல் இருப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு வந்தது. நிலம் தனியாருடையது என்பதால் முனிசிபாலிட்டியின் கடமை போய்விடாது என்பதுதான் அதன் சாரம். அந்த முதியவர் தீர்ப்பைப் பார்க்க உயிரோடு இல்லை. உங்கள் குடியிருப்பு தோட்ட நிலத்தில் இருந்தால், கடிதத்தில் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். தண்ணீர் இல்லாத பண்ணைக் குடும்பங்களின் பதிவேடு மாவட்டத்திடம் இருக்கிறதா, அதில் உங்கள் பெயர்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

இன்கோசியின் நிலமாக, அதாவது இன்கொன்யாமா அறக்கட்டளையின் கீழ் உள்ள நிலமாக இருந்தால் வழி கொஞ்சம் வேறு. அங்கே இண்டூனா என்ற ஊர்த் தலைவரையும் பாரம்பரிய சபையையும் தாண்டி எதுவும் நடக்காது. சட்டப்படி அந்தச் சபையில் மூன்றில் ஒரு பங்கு பெண்களும், 40 சதவீதம் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் இருக்க வேண்டும். பாரம்பரியத் தலைவர்கள் முனிசிபல் சபையிலும் உட்காரலாம், பேசலாம், ஓட்டு கிடையாது. குழாய் போக நிலம் வேண்டும் என்றால் அவர்களின் சம்மதம் இருந்தால்தான் வேலை நகரும்.

2019இல் வந்த மாவட்ட வளர்ச்சி மாதிரி என்ற ஏற்பாட்டைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூன்று அடுக்கு அரசாங்கமும் மாவட்ட அளவில் ஒரே திட்டமாகப் போடுவது என்பது யோசனை. யோசனை சரிதான். ஆனால் அந்த மேசையில் பெரும்பாலும் அதிகாரிகளே உட்கார்ந்திருக்கிறார்கள். அதைவிட உங்களுக்கு உதவக்கூடியது வார்டில் நடக்கும் சுகுமா சாக்கே வார் ரூம். நர்ஸ், சமூக நலத்துறை, விவசாய அலுவலர் எல்லாரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். அடையாள அட்டை, முதியோர் உதவித் தொகை, மருந்து போன்றவை அங்கேயே முடியும். குழாய் அங்கே முடியாது.

இப்போது கோயில் சங்கத்தின் பெயரில் தனியாகப் போகலாமா என்ற கேள்வி. தனியாகப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். இதில் நம் பழைய அனுபவம் ஒன்று இருக்கிறது. 1963இல் நட்டால் மாகாண அவசரச் சட்டம் ஒன்றின் மூலம் இந்தியர்களுக்கும் கலப்பினத்தவருக்கும் உள்ளூர் விவகாரக் கமிட்டிகள் என்று வைத்தார்கள். அவை வெள்ளைக்கார நகர சபைகளுக்கு ஆலோசனை சொல்லலாம். பட்ஜெட்டில் கை வைக்க முடியாது. நம்மவர்களில் நல்லவர்களும் அதில் உட்கார்ந்து ரோட்டு விளக்குக்கும் சாக்கடைக்கும் கெஞ்சினார்கள். அப்புறம் வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்று தனித்தனி அவை வைத்து, கறுப்பின மக்களை வெளியே விட்ட மூன்று அவைப் பாராளுமன்றம் வந்தது. 1984 ஆகஸ்டில் நடந்த அதன் தேர்தலை நட்டால் இந்தியக் காங்கிரஸ் புறக்கணிக்கச் சொன்னது. பதிவு செய்திருந்த இந்திய வாக்காளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் ஓட்டுப் போடப் போனார்கள். பண அதிகாரம் இல்லாத ஆலோசனையையும், பக்கத்து வீட்டுக்காரனை வெளியே விட்டுவிட்டு நமக்கு மட்டும் போடும் நாற்காலியையும் நம் பெரியவர்கள் அன்றைக்கே வேண்டாம் என்றார்கள். அந்த முடிவு எனக்குப் பெருமை.

நடைமுறையிலும் அதுதான் சரி. தண்ணீர்க் குழாய் இந்தியர் வீடு, சூலு வீடு என்று பிரிந்து போவதில்லை. ஒரு குழாய்வழியில் உங்கள் எட்டு வீட்டோடு பக்கத்திலுள்ள எழுபது வீடும் இருந்தால், மாவட்டப் பொறியாளரின் கணக்கில் அது 78 வீட்டுத் திட்டம். எட்டு வீட்டு மனு அலமாரியில் தூங்கும். எண்ணிக்கை கூடினால் மானியத்துக்கும் தகுதி கூடும். அதனால் மனு எல்லார் பெயரிலும் போகட்டும், ஆங்கிலத்திலும் சூலுவிலும் இருக்கட்டும், முதல் கையெழுத்து அந்த வட்டாரத்தில் நீண்ட நாளாக வாழும் ஒரு சூலு அம்மாவுடையதாக இருந்தால் இன்னும் நல்லது.

கோயில் சங்கத்துக்கு இதில் வேறு ஒரு பெரிய இடம் உண்டு. உங்களிடம் ஹால் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, காவடிக்கும் திருவிழாவுக்கும் வரவு செலவு எழுதிப் பழகிய செயலாளர் இருக்கிறார். நாட்டுப்புறத்தில் இது சாதாரணப் பலம் இல்லை. அக்டோபர் தேவைக் கூட்டத்துக்கு ஹாலைக் கொடுங்கள். நோட்டுகளைத் திரட்டி ஒரே பக்கத்தில் எழுத உங்கள் செயலாளரைக் கொடுங்கள். நம் வீடுகளிலும் படித்த பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்; மன்றத்துக்கு அவர்களில் ஒருவரை அனுப்புங்கள்.

கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய் மாவட்ட முனிசிபல் மேனேஜர் அலுவலகத்தில் கொடுத்து, ஒன்றில் தேதி முத்திரை வாங்குங்கள். உள்ளூர் முனிசிபாலிட்டிக்கும் ஒரு நகல் கொடுங்கள். எழுத்திலோ வாயாலோ கேட்டதற்குத் தாமதமில்லாமல் பதில் பெறுவது குடிமக்களின் உரிமை என்று 2000ஆம் ஆண்டு முனிசிபல் நிர்வாகச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. அந்த எண்ணைக் கடிதத்தில் போடுங்கள். பதில் வராவிட்டால் தகவல் பெறும் சட்டப்படி ஒரு விண்ணப்பம் கொடுங்கள், 30 நாள் கெடு. அதற்கும் அசையவில்லை என்றால் மனித உரிமை ஆணையத்தின் டர்பன் அலுவலகம் இருக்கிறது, புகாருக்குக் கட்டணம் இல்லை.

உங்கள் குடியிருப்பு தோட்ட நிலத்திலா, இன்கொன்யாமா நிலத்திலா, பழைய பாரக்ஸ் நிலத்திலா என்று கேள்வியில் சொல்லவில்லை. அதையும் வார்டு எண்ணையும் எழுதினால், மாவட்ட வரைவில் எந்த அட்டவணையைத் திறந்து பார்க்க வேண்டும், கடிதம் எந்தச் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.